249-ஆவது இடம்

கணினித் திரையில் நீளவாக்கில் ஒரு கோடு. அதன் மேல் குண்டூசி குத்தி வைத்ததுபோல் நெட்டையும் குட்டையுமாகக் காம்புகள். நியூயார்க்கின் மெமோரியல் ஸ்லோன் கெட்டரிங் மையத்தில் உருவான சிபயோபோர்ட்டல் தரவுத்தளத்தில் டிபி53 மரபணுவைத் தேடினால் இந்தப் படம் வரும். யாரும் காசில்லாமல் பார்க்கலாம். முதுகலை வகுப்பில் புற்றுநோய்ப் பாடம் எங்களுக்கு இங்கிருந்துதான் தொடங்கியது.

டிபி53 தரும் புரதம் செல்லின் காவலாளி. டிஎன்ஏ சேதமானால் செல் பிரியாமல் தடுத்து நிறுத்தும். பழுதுபார்க்க வழியில்லை என்றால் செல்லைச் சாகவிடும். 393 அமினோ அமிலங்கள் கோத்த சங்கிலி அது. எந்த இடத்தில் நிறையப் பேருக்குப் பிழை விழுந்திருக்கிறதோ அங்கே காம்பு உயரும். 175, 248, 273 மூன்றும் பளிச்சென்று தெரிந்தன. எங்கள் பேராசிரியரோ, "249-ல எந்தப் புற்றுநோய் வருதுன்னு பாருங்கப்பா" என்றார்.

பார்த்தோம். கல்லீரல்.

1991-இல் நேச்சர் இதழில் இரண்டு கட்டுரைகள் அடுத்தடுத்து வந்தன. ஒன்று சீனாவின் சீடோங் வட்டார நோயாளிகளைப் பற்றியது, மற்றது ஆப்பிரிக்காவின் தென்பகுதி நோயாளிகளைப் பற்றியது. இரு கண்டங்களிலும் கல்லீரல் கட்டிகளில் அதே 249-இல், டிஎன்ஏவில் ஜி என்ற எழுத்து இருக்க வேண்டிய இடத்தில் டி. இரண்டு ஊர்களுக்கும் பொதுவாக இருந்தது, பூஞ்சை பிடித்த தானியத்திலும் நிலக்கடலையிலும் உண்டாகும் அஃப்ளடாக்சின் நஞ்சு. ஒரே ஊரின் கட்டிகளை மட்டும் பார்த்திருந்தால் பரம்பரையோ என்று சந்தேகம் நின்றிருக்கும். கறுத்துச் சுருங்கிய கடலையை அம்மா முறத்தில் பொறுக்கித் தள்ளுவதை அதன்பின் நான் வேறு கண்ணோடு பார்க்கிறேன்.

கட்டிகளில் பிழை தேடும் இதே வேலைதான் பிறகு பெரிய அளவில் நடந்தது. 37 நாடுகளின் 1,300-க்கு மேற்பட்ட விஞ்ஞானிகள் சேர்ந்து, 38 வகைக் கட்டிகள் கண்ட 2,658 பேரின் முழு மரபணுத்தொகுதியை ஆராய்ந்து 2020-இல் வெளியிட்டார்கள். பன்னாட்டுப் புற்றுநோய் மரபணுத்தொகுதிக் கூட்டமைப்பின் பணி அது. அந்தக் கூட்டமைப்பில் இந்தியா எடுத்துக்கொண்டது ஈறு, கன்னப் புற்றுநோய். புகையிலை மெல்லும் நாட்டுக்கு அதைவிட அவசரமானது எது? கல்யாணியிலும் நவி மும்பையிலும் உள்ள ஆய்வு நிலையங்கள் 2013-இல் முடிவுகளை வெளியிட்டன.

ஆனாலும் பொதுவில் கிடைக்கும் தரவுகளில் பெரும்பகுதி ஐரோப்பிய வம்சாவளியினருடையது. நம் நோயாளிகளின் காம்புகள் அந்தப் படத்தில் குறைவு. சென்னை ஐஐடி 2025-இல் மார்பகப் புற்றுநோயாளிகள் 480 பேரின் மரபணுத் தரவைப் பொதுவில் வைத்திருக்கிறது. எங்கள் அடுத்த பயிற்சி அதில்தான்.