தமிழ் வழங்கிப் பெயர்களைச் சரிபார்த்தல்: பாடி, கொரட்டூர் ஊர்ப்பெயர்களை முன்வைத்து

முன்னுரை

ஊர், கோயில், நூலகம் பற்றிய ஆய்வுத் தரவுகள் பலவும் இன்று ஜேசன் வடிவில் தொகுக்கப்படுகின்றன. அவற்றில் ஹோஸ்ட்நேம் எனப்படும் வழங்கிப் பெயரும் ஒரு புலமாக அமைவதுண்டு. ‘.இலங்கை’ 2010இலும் ‘.இந்தியா’, ‘.சிங்கப்பூர்’ ஆகியன 2011இலும் நடைமுறைக்கு வந்தபின், இப்புலத்தில் தமிழெழுத்துகள் இடம்பெறுதல் இயல்பாயிற்று. அவற்றைச் சரிபார்க்கும் முறையை இக்கட்டுரை விளக்குகிறது.

விதியைத் தெரிவு செய்தல்

மேற்குச் சென்னையின் பாடியையும் அதனை அடுத்த கொரட்டூரையும் கொண்டு ‘பாடி.இந்தியா’, ‘கொரட்டூர்.இந்தியா’ என இரு முகவரிகளை எடுத்துக்காட்டாகக் கொள்ளலாம். ஜேசன் ஸ்கீமாவின் ‘ஹோஸ்ட்நேம்’ விதி ஆங்கில எழுத்து, எண், இடைக்கோடு ஆகியவற்றை மட்டுமே ஏற்கும். எனவே இரண்டையும் தள்ளிவிடும். தமிழ்ப் பெயர்களுக்கு ஏழாம் வரைவில் சேர்க்கப்பட்ட ‘ஐடிஎன்-ஹோஸ்ட்நேம்’ விதியே உரியது. இதற்கு மாற்றாகப் பைத்தானின் சொல்லெழுத்துக் குறியீட்டைக் கொண்டு தாமே தேடுகோவை எழுதுவோரும் உளர். அக்குறியீடு ‘ப’, ‘ட’ ஆகியவற்றை ஏற்கும். கால், விசிறி, புள்ளி ஆகியவற்றை ஏற்காது. ஆதலின் ‘பாடி’ பிழையெனக் காட்டப்படும்.

நூலகத்தின் அமைதி

பைத்தானின் ஜேசன்ஸ்கீமா நூலகம் வடிவச் சோதனையைத் தானாகச் செய்வதில்லை. வடிவச் சோதிப்பானைத் தனியே இணைத்தல் வேண்டும். இணைத்தாலும், ‘ஐடிஎன்ஏ’ என்னும் துணைத்தொகுப்பு நிறுவப்படவில்லையெனில் இச்சோதனை அறிவிப்பின்றி விடுபடும். பிழையான முகவரியும் அப்போது தேறிவிடும். எனவே, பிழையென்று அறிந்த ஒரு பெயரை முதலில் கொடுத்து, அது தள்ளப்படுகிறதா எனக் காண்பது இன்றியமையாதது.

ஒருங்குறி இயல்பாக்கம்

‘கொ’ என்பதன் உயிர்க்குறியை ஒரே குறியெண்ணாகவோ, ஒற்றைக்கொம்பும் காலுமாக இரு குறியெண்களாகவோ பதியலாம். ‘கொரட்டூர்’ முன்னதில் 9 குறியெண்களையும், பின்னதில் 10 குறியெண்களையும் பெறும். கண்ணுக்கு இரண்டும் ஒன்றே. ஆனால் துணைத்தொகுப்பு என்எஃப்சி வடிவிலுள்ள முன்னதையே ஏற்கும். உலாவிகள் பெயரை இயல்பாக்கிய பின்னரே அனுப்புவதால், உலாவியில் திறக்கும் முகவரி சரிபார்ப்பில் தோற்கக்கூடும். அதனைப் பிழையெனக் கருதி நீக்கினால் நல்ல பதிவு ஒன்று இழக்கப்படும். சரிபார்ப்புக்கு முன் தரவு முழுவதையும் என்எஃப்சி வடிவுக்கு மாற்றுவதே தீர்வு. 63 எழுத்து என்னும் வரம்பும் தமிழ் வடிவுக்கன்றி, அதன் பியூனிகோடு வடிவுக்கே உரியது, ‘.சிங்கப்பூர்’ அவ்வடிவில் 22 எழுத்துகளாக நீள்கிறது.

முடிவுரை

உரிய விதி, இயங்கும் சோதிப்பான், முன்னரே செய்த இயல்பாக்கம் ஆகிய மூன்றும் அமைந்தாலன்றித் தமிழ் முகவரித் தரவு நம்பத்தக்கதாகாது. எனினும் ‘ஔ’ என்னும் உயிரெழுத்துக்கு மாற்றாக ‘ஒ’, ‘ள’ எனத் தட்டச்சிடப்பட்ட பெயரை எந்நூலகமும் பிழையெனக் காட்டாது. இரண்டும் விதிப்படி செல்லும் வெவ்வேறு பெயர்களாகும். அவ்வேறுபாட்டைக் காண்பது தொகுப்பாளரின் பொறுப்பாகவே எஞ்சுகிறது.