அடுப்புக்கு முன் புகைபோக்கியைப் பாருங்கள்

ரொறன்ரோவிலும் சுற்றியுள்ள ஊர்களிலும் பழைய வீடுகள் பலவற்றில் செங்கல் கணப்பு ஒன்று இருக்கும். பார்க்க அழகுதான், குளிருக்கு அது பெரிதாக உதவாது. திறந்த நெருப்பின் வெப்பத்தில் பெரும்பகுதி புகைபோக்கி வழியே போய்விடும். போகும்போது, வீட்டில் ஏற்கெனவே சூடாகியிருக்கும் காற்றையும் இழுத்துக்கொண்டு போகும். அதனால்தான் கண்ணாடிக் கதவுள்ள இரும்பு அடுப்பொன்றைக் கணப்புக்குள் செருகுகிறார்கள். கடைகளில் அதற்கு ‘இன்சர்ட்’ என்று பெயர். 2013 டிசம்பர் பனிமழையில் நத்தாரை மின்சாரமின்றிக் கழித்தவர்களுக்கு இப்படியோர் அடுப்பின் அருமை தெரியும்.

வாங்கப் போகிறவர்கள் விலையையும் தோற்றத்தையும் கேட்கிறார்கள். ஆபத்து பெரும்பாலும் அடுப்புக்கு மேலே, கண்ணுக்குத் தெரியாத புகைவழியில் இருக்கிறது.

பெரியது நல்லதல்ல

அறையின் அளவுக்கு மிஞ்சிய அடுப்பை வாங்கினால் சூடு தாங்காமல் காற்றுவழியை அடைத்து வைப்பீர்கள். அப்போது விறகு எரியாமல் புகையும்; புகை தாராக மாறிக் குழாயில் படியும். அளவான அடுப்பைச் சுறுசுறுப்பாக எரிப்பதே மேல். தரச்சான்று பெற்றதா என்று பாருங்கள். மொன்றியலில் 2018 ஒக்டோபர் முதல், மணிக்கு 2.5 கிராமுக்கு மேல் நுண்துகள் வெளியிடும் விறகு அடுப்புகளை வழக்கமான பயன்பாட்டுக்கு எரிக்க முடியாது. ஆஸ்துமா உள்ள பிள்ளையோ கர்ப்பிணியோ வீட்டில் இருந்தால் அடுப்பு மணிக்கு வெளியிடும் நுண்துகள் அளவைக் கேட்காமல் வாங்க வேண்டாம். மின்சாரம் போனால், சூட்டை அறைக்குள் தள்ளும் விசிறி ஓடாமல் அடுப்பு எவ்வளவு சூடு தரும் என்பதையும் கேளுங்கள்.

உள்ளே ஓர் எஃகுக் குழாய்

பழைய புகைபோக்கி திறந்த நெருப்புக்காக அகலமாகக் கட்டப்பட்டது. இன்சர்ட்டின் புகை அளவில் குறைவு, சூடும் குறைவு. அகன்ற வழியில் அது மெதுவாக ஏறி, குளிர்ந்து, சுவரில் கிரியோசோட் என்ற பிசினாகப் படிகிறது. அது தீப்பற்றினால் புகைபோக்கிக்குள் வெப்பம் 1000 டிகிரி செல்சியஸைத் தாண்டும். வெடித்த செங்கல் இடுக்கு வழியாகத் தீ கூரை மரத்துக்குப் போகும்.

எனவே அடுப்பின் வாயிலிருந்து புகைபோக்கியின் உச்சி வரை இடைவெளியின்றி ஒரே துருப்பிடிக்காத எஃகுக் குழாய் செல்ல வேண்டும். பெரும்பாலான அடுப்புகளுக்கு அது 6 அங்குல விட்டம். வெளிச்சுவரோடு ஒட்டிய புகைபோக்கியென்றால் குழாயைச் சுற்றி வெப்பக்காப்பும் தேவை. இந்தக் குழாயே தேவையில்லை, அடுப்பைச் செருகினால் போதும் என்று மலிவாகச் செய்துதர முன்வருபவரைத் திருப்பி அனுப்பிவிடுங்கள். செலவைக் குறைக்க வேண்டுமானால் அடுப்பில் குறையுங்கள், குழாயில் குறைக்காதீர்கள்.

ஒன்ராறியோவில் இந்த அடுப்பைப் பொருத்த நகரசபையின் கட்டட அனுமதி வேண்டும். விறகு அடுப்பு பொருத்துவோருக்கான ‘வெட்’ (WETT) சான்றிதழ் பெற்றவரைக் கொண்டு பொருத்தி, அவரது பரிசோதனை அறிக்கையைக் கையில் வாங்குங்கள். வீட்டுக் காப்புறுதி நிறுவனங்கள் அதைக் கேட்பது வழக்கம். கதவுக்கு முன்னால் குறைந்தது 45 சென்ரிமீற்றர் தரை தீப்பிடிக்காத பொருளாக இருக்க வேண்டும்.

தாளிக்கும்போது கவனம்

இது நம் வீடுகளுக்கே உரிய சிக்கல். மீன் பொரிக்கும்போது அடுப்பங்கரை விசிறியை முழு வேகத்தில் போடுகிறோம். இறுக்கமாக அடைத்த வீட்டில் அந்த விசிறி காற்றை வெளியே தள்ளத் தள்ள, ஈடுசெய்யும் காற்று புகைபோக்கி வழியே கீழிறங்கும். புகையும் கூடவே வரும். தணல் அடங்கும் இரவு நேரத்தில் இது இன்னும் மோசம். புகைபோக்கி குளிர்ந்து இழுவிசை குறைந்திருக்கும். காபன் மொனொக்சைட் அதிகமாக வெளிவருவதும் அப்போதுதான். விசிறி ஓடும்போது அருகிலுள்ள ஜன்னலைச் சற்றுத் திறந்து வையுங்கள்.

அந்த வாயுவுக்கு மணமோ நிறமோ இல்லை. இரத்தத்தின் ஹீமோகுளோபினை ஒட்சிசனைவிட 200 மடங்குக்கு மேல் இறுகப் பற்றிக்கொள்ளும். காய்ச்சலில்லாத தலையிடி, தலைச்சுற்று, வாந்தி வீட்டில் எல்லோருக்கும் ஒன்றாக வந்தால் யோசிக்க நேரமில்லை: உடனே வெளியேறி 911-ஐ அழையுங்கள். 2008-இல் ஒன்ராறியோவின் வூட்ஸ்டொக் நகரில் அடைபட்ட புகைவழியால் பெற்றோரும் இரு பிள்ளைகளும் இறந்தனர். அந்த இழப்பைத் தொடர்ந்து 2013-இல் வந்த சட்டத்தின்படி, விறகு அடுப்பு போன்ற எரிபொருள் சாதனமுள்ள ஒன்ராறியோ வீடுகளில் படுக்கையறைகளுக்கு அருகே காபன் மொனொக்சைட் அலாரம் கட்டாயம்.

விறகும் சாம்பலும்

ஈரப்பதம் 20 சதவீதத்துக்குக் குறைந்த விறகுதான் வேண்டும். ஈரமானி விலை குறைவு. விறகைப் புதிதாகப் பிளந்த பக்கத்தில் குத்திப் பாருங்கள். ஓக், மேப்பிள் போன்றவை காய ஒரு வருடத்துக்கு மேலும் ஆகும். வர்ணம் பூசிய பலகையை எரிக்கவே கூடாது. பனிக்காலத்துக்கு முன் ஆண்டுதோறும் புகைபோக்கியைச் சுத்தம் செய்விக்க வேண்டும். அள்ளிய சாம்பலை மூடியுள்ள உலோக வாளியில் போட்டு, வீட்டுக்கும் மரத்தளத்துக்கும் அப்பால் வெளியே வையுங்கள். அதற்குள் கனல் நாட்கணக்கில் உயிரோடிருக்கும்.