செல்லாக் காசும் சிறு வணிகரும்

வெள்ளி ரூபாய் வழங்கிய நாளில் கடைக்காரர், வாங்கிய நாணயத்தைக் கல்லின்மேற் போட்டு ஓசை கேட்ட பின்னரே பெட்டியில் இடுவர். அதனை வாங்க வந்தவர் இழிவாகக் கருதியதில்லை. இந்நாளிலோ காசு கைக்கு வராமலே கணக்கிற்கு வருகின்றது. ஓசை கேட்கும் வழக்கமோ ஒழிந்துபோயிற்று. சிறு வணிகர் பலர் ஏமாறுதற்கு இதுவே முதற்காரணம் என்பது என் கருத்து.

இராசபாளையத்தை அடுத்த செட்டியார்பட்டியிலும் தளவாய்புரத்திலும் மகளிர்க்குரிய நைட்டி தைத்து விற்போர் பலர். 2016-ஆம் ஆண்டில் யூபிஐ முறை தோன்றிய பின்னர், இவ்வூர்ப் பெட்டிக்கடையிலும் கியூஆர் அட்டை தொங்குகின்றது. செட்டியார்பட்டியில் என் சிறிய தாயார் துணிக்கடை வைத்திருக்கின்றார். தீபாவளிக்கு முந்திய மாலை, கூட்டம் நெருக்கிய வேளையில், ஒருவர் 1,850 ரூபாய்க்குத் துணி எடுத்துத் தம் கைபேசியைக் காட்டினார். கடையின் பெயர், தொகை, பச்சை நிறக் குறி யாவும் அதில் இருந்தன. ஒலிப்பெட்டி மட்டும் வாய் திறக்கவில்லை. "நெட் மெதுவாக இருக்கிறது அக்கா" என்றார் வந்தவர். நல்லவரை ஐயுறுவதா என்னும் கூச்சத்தால் சிறிய தாயார் பையைக் கொடுத்துவிட்டார். இரவு கணக்கைப் பார்த்தபோது பணம் இல்லை. மெய்யான செயலியைப் போலவே தோற்றம் காட்டும் போலிச் செயலிகள் உள்ளன என்பதை அவர் அன்றுதான் அறிந்தார். பிறர் கைபேசியின் திரை வெறும் படமே. நம் கணக்கில் ஏறிய தொகையே பணம். இப்பொழுதெல்லாம், "பெட்டி பேசட்டும் தம்பி, அதுவரை பை என்னிடம் இருக்கட்டும்" என்று சிரித்துக்கொண்டே சொல்லுகின்றார். ஒருவரும் கோபித்துக்கொண்டதாகத் தெரியவில்லை.

வாங்குவோர் நேர்மையாகக் கொடுத்தும் பணம் வாராது போவதும் உண்டு. 2025 சனவரியில் மத்தியப் பிரதேசத்துக் கஜுராஹோவில், கடைகளின் வெளியே இருந்த கியூஆர் தாள்களின்மேல் இரவோடிரவாக வேறு தாள்களை ஒட்டிச் சென்றனர். மறுநாள் கொடுத்த தொகை அயலான் கணக்கிற்குச் சென்றது. வாங்க வந்தவர் கைபேசியில் வேறு பெயர் தோன்றிய பின்னரே சூது வெளிப்பட்டது. ஆதலின் அட்டையை இரவில் உள்ளே எடுத்து வைத்தல் நன்று. காலையில் கடை திறந்தவுடன் வீட்டார் ஒருவர் கைபேசியிலிருந்து ஒரு ரூபாய் அனுப்பிப் பெயரையும் ஒலியையும் சரிபார்த்தல் அதனினும் நன்று.

தொலைவிலிருந்து வரும் வாணிகத்தில் சூது இன்னும் நுட்பமானது. இராணுவ அதிகாரி எனத் தம்மைக் கூறிக்கொண்டு ஒருவர் நூறு உருப்படி கேட்பார், விலை பேசமாட்டார் (நம்மூரில் விலை பேசாதவரைக் கண்டாலே ஐயுற வேண்டாமா?). பின்பு, "முன்பணம் பெற இக்குறியை ஸ்கேன் செய்து இரகசிய எண்ணை இடுக" என்பார். பணம் கொடுப்பதற்கே இரகசிய எண் வேண்டும். பெறுவதற்கு ஒருபோதும் வேண்டா. வேறு சிலர், "தவறி 20,000 அனுப்பிவிட்டேன், 18,000 திருப்புக" என்று போலிக் குறுஞ்செய்தி காட்டுவர். அச்செய்தி வங்கியின் பெயரால் வாராமல் தனியொருவரின் பத்திலக்க எண்ணிலிருந்து வந்திருக்கும்.

கடன் அட்டையைக் கடையிலேயே பொறியில் இட்டு, உரியவரே இரகசிய எண்ணை அழுத்துவாராயின் அச்சம் குறைவு. தொலைபேசியில் அட்டை எண்ணைக் கேட்டு எழுதிக்கொள்ளுதல் தகாது. திருட்டு அட்டையாயின் உரியவர் தம் வங்கியில் முறையிடுவார். நம் கணக்கில் ஏறிய தொகை திரும்பவும் எடுக்கப்படலாம், சரக்கோ முன்னமே போயிருக்கும். ஆகவே சரக்கு அனுப்பிய சீட்டையும், பெற்றுக்கொண்டவர் கையொப்பத்தையும் காத்து வைத்தல் வேண்டும்.

ஏமாந்தது தெரிந்தால் வெட்கி இராமல் உடனே 1930 என்னும் எண்ணை அழைத்தல் வேண்டும். பணம் கள்வனின் கணக்கைக் கடக்குமுன் செய்தி சென்றால் வங்கி அதனை நிறுத்தி வைக்க இயலும். அழைக்குமுன் தொகை, நேரம், பரிமாற்ற எண் ஆகியவற்றை ஒரு தாளில் குறித்து வைத்துக்கொள்ளுக. பதற்றத்தில் அவை நினைவிற்கு வாரா.