பாலும் கனியும் கூடுமாறு

பாலும் பழமும் எனச் சேர்த்துக் கூறுதல் நம் நாட்டில் பண்டுதொட்டு வழங்கி வரும் வழக்காகும். மணமக்களுக்கு முதற்கண் ஊட்டப்படுவன அவையே. விருந்தினர்க்கு விரைவில் அளித்தற்கு உரியனவும் அவையே. ஆதலின் இவ்விரண்டும் எவ்விடத்தும் எக்காலத்தும் தம்முள் ஒத்து நிற்கும் இயல்பின என்று கருதுவார் பலர். யாமும் அங்ஙனமே கருதியிருந்தோம். அக்கருத்துப் பிழையென்பதை ஒரு கோடை விடுமுறையில் ஒரு படிப் பாலை இழந்து கற்றுக்கொண்டோம்.

அந்நாள் எம் இல்லத்திற்கு உறவினர் சிலர் வந்திருந்தனர். நகரத்துச் சிற்றுண்டிச் சாலைகளில் மில்க் ஷேக் என்னும் பெயரால் விற்கப்படும் பழப்பாலை யாமே ஆக்கி அவர்களை வியப்பிலாழ்த்த எண்ணினோம். வீட்டில் நன்கு பழுத்த அன்னாசி ஒன்று இருந்தது. அதனைப் பிழிந்து, காய்ச்சி இறக்கிய சூடு தணியாத பாலில் ஊற்றினோம். ஊற்றிய அளவில் பால் திரிந்தது. திரிந்ததனை வடிகட்டிச் சருக்கரை பெய்து சுவைத்துப் பார்த்தபோது கைப்பும் தோன்றிற்று. எம் அன்னையார் ஒன்றும் கூறாது அதனைத் தென்னையின் அடியிற் கொட்டினார். அப்பால் எம் தமக்கையாரின் மூன்று வயதுக் குழந்தைக்கென வாங்கி வைத்தது என்பதைப் பின்னரே அறிந்தோம். அன்றிரவு அக்குழந்தை கஞ்சி உண்டு உறங்கிற்று. அடுத்த விடுமுறைக்குள் இதன் காரணத்தை அறிந்தே தீர்வதெனத் துணிந்தோம். அறிந்தவற்றை ஈண்டு எழுதுகின்றோம்.

பால் திரிதற்குக் காரணம் யாது? பாலில் கேசீன் என்னும் புரதம் கண்ணுக்குப் புலனாகா நுண்ணிய உருண்டைகளாய் மிதந்துகொண்டிருக்கின்றது. அவ்வுருண்டைகள் ஒத்த மின்னூட்டம் உடையனவாதலின் ஒன்றையொன்று விலக்கித் தனித்தனியே நிற்கும். புளிப்பை அளக்கும் பி.எச். என்னும் குறியெண் குறையக் குறையப் புளிப்பு மிகும் என்பர். புதிய பாலுக்கு அக்குறியெண் ஏறத்தாழ 6.7. பழச்சாற்றின் அமிலம் கலந்து அஃது 4.6 அளவிற்கு இறங்குமாயின் உருண்டைகள் தம் மின்னூட்டத்தை இழந்து ஒன்றோடொன்று ஒட்டித் திரளும். இதுவே திரிதல். எலுமிச்சை, ஆரஞ்சு, அன்னாசி ஆகியவற்றின் சாறு 4-க்கும் கீழ்ப்பட்ட புளிப்புடையதாய் இருத்தல் பெரும்பான்மை.

இனி, கைப்பு எங்ஙனம் வந்தது? அன்னாசியில் புரோமிலின் என்னும் நொதிப்பொருள் உளது. அது புரதத்தைத் துண்டு துண்டாக அறுக்கும் ஆற்றல் வாய்ந்தது. அங்ஙனம் அறுபட்ட துண்டுகளிற் சில கைப்புச் சுவை உடையன. பப்பாளிக் காயின் பாலில் உள்ள பப்பெயினும் இவ்வினத்ததே. பழம் கனியக் கனிய அது குறையும். அன்னாசித் துண்டுகளைச் சருக்கரைப் பாகில் நன்றாக வேகவைத்தால் இந்நொதி அழிந்தொழியும். ஆயினும் புளிப்பு நீங்காது. ஆதலின் அன்னாசியை விரும்புவார் அதனை வேகவைத்து ஆறவிட்டு, உண்ணும் வேளையில் பனிக்கூழின் மீது இட்டு உண்பதே தக்கது.

புளிப்பைப் போலவே சூடும் பாலுக்குப் பகையாகும். சூடான பாலில் அமிலம் சேரின் திரிதல் நொடியில் நிகழும். மிகக் குளிர்ந்த பாலிலோ அது பெரிதும் தாமதப்படும். எம்முடைய பிழை இரட்டைப் பிழை: புளித்த கனியைத் தேர்ந்ததொன்று, பாலைக் குளிர்விக்காதது மற்றொன்று.

குளிரைப் பற்றி ஒரு சிறு செய்தி. சென்னைக் கடற்கரையில் இன்று விவேகானந்தர் இல்லம் என விளங்கும் கட்டடம் 1842-ஆம் ஆண்டில் பனிக்கட்டியைச் சேமித்து வைத்தற்பொருட்டு எழுப்பப்பட்டதாகும். அமெரிக்க வணிகரான பிரெடரிக் டியூடர் என்பார் அந்நாட்டு ஏரிகளில் உறைந்த நீரை வெட்டி, மரத்தூளிற் பொதிந்து, கப்பல்வழி இந்நாட்டிற்கு அனுப்பி வந்தார். அந்நாளிற் செல்வர்க்கே கிட்டிய பொருள் இந்நாளில் எளிய இல்லங்களிலும் கிடைக்கின்றது. எனினும் பனிக்கட்டி ஆக்கிய நீர் தூயதன்றேல் பானமும் தூயதாகாது. உறைவித்தலால் நோய்க்கிருமிகள் யாவும் மடிந்துவிடும் என்று எண்ணுதல் தவறு. ஆதலின் யாம் நீரை உறைவித்துச் சேர்ப்பதை விடுத்துப் பாலையே உறைவித்துச் சேர்க்கின்றோம். இதனாற் சுவையும் நீர்த்துப்போவதில்லை.

கனிகளுள் பாலுக்கு உற்ற தோழர் மூவர்: மாம்பழம், வாழைப்பழம், சீமை இலுப்பை எனப்படும் சப்போட்டா. சப்போட்டாவிற் புளிப்பு மிகக் குறைவு. வாழையும் அதற்கு அணித்தே நிற்கும். மாம்பழமோ காயாய் இருக்குங்கால் கடும்புளிப்புடையதாயினும் கனியுந்தோறும் புளிப்புக் குறைந்து இனிப்பு மிகும். ஆதலின் முற்றக் கனிந்ததனையே கொள்ளல் வேண்டும். நாரில்லாத பங்கனப்பள்ளியும் மல்கோவாவும் இதற்குச் சிறந்தன.

செய்முறை வருமாறு. நால்வர்க்குப் பால் 750 மில்லி லிட்டர் கொள்க. அதனைக் காய்ச்சி, அடிபிடியாமற் கிளறி, 500 மில்லி லிட்டராகச் சுண்டச் செய்க. சூடு இருக்கும்போதே மூன்று மேசைக்கரண்டிச் சருக்கரையும் சிறிது ஏலப்பொடியும் கரைத்துவிடுக. குளிர்ந்த பாலிற் சருக்கரை எளிதிற் கரையாது. குளிர்ந்த பண்டத்தில் நாவுக்கு இனிப்புக் குறைந்தே தோன்றுமாதலின், சூடாக இருக்கையில் சற்றே மிகையாகத் தோன்றுவது பின்னர் அளவாய் அமையும். ஆறியபின் பாதியைச் சிறு கிண்ணங்களில் ஊற்றி உறைவித்து, மற்றப் பாதியைக் குளிர்பெட்டியில் வைக்க. மாம்பழத் துண்டுகள் 300 கிராம் அளவு எடுத்து அவற்றையும் குளிர வைக்க.

உண்ணும் வேளையில் முதலிற் பழத்தை மட்டும் மிக்ஸியிலிட்டு விழுதாக்குக. பின்னர்க் குளிர்ந்த பாலையும், இறுதியில் உறைந்த பால் துண்டுகளையும் சேர்த்து அரை நிமிடம் மட்டும் சுழற்றுக. நுரை எழுதற்கு இடம் வேண்டுமாதலின் பாத்திரத்தை மூன்றில் இரண்டு பங்கிற்கு மேல் நிரப்பலாகாது. நெடுநேரம் சுழற்றின் பானம் சூடேறி நீர்த்துவிடும்.

மிக்ஸி இல்லாதார் வருந்த வேண்டுவதில்லை. பழத்தைப் பிசைந்து சல்லடையில் தேய்த்து, பாலனைத்தோடும் ஒரு செம்பிலிட்டு, அச்செம்பை மூன்று பங்கு நொறுக்கிய பனிக்கட்டியும் ஒரு பங்கு கல்லுப்பும் கலந்த தொட்டியுள் நிறுத்தி, மத்தினாற் கடைக. உப்பு, பனிக்கட்டியை உருக்கி அதன் குளிரைப் பன்மடங்கு மிகுவிக்கும். சிறிது பொழுதில் பால் கூழாகத் திரளும். உப்புநீர் செம்பினுட் புகாமற் காத்தல் வேண்டும்.

ஆக்கியதனை உடனே அருந்துக. வைத்திருப்பின் நுரை அடங்கி நீர் பிரியும். வாழைப்பழம் சேர்த்ததாயின் காற்றுப் பட்டு நிறமும் கறுக்கும்.

அடுத்த கோடையில் இம்முறையே ஆக்கினோம். முதற்கிண்ணத்தை விருந்தினர்க்கு அளியாது, முந்திய ஆண்டு கஞ்சி உண்டு உறங்கிய அக்குழந்தைக்கே அளித்தோம். அது முழுதும் பருகிவிட்டு, மேலுதட்டில் நுரையோடு மற்றொரு கிண்ணம் கேட்டது. எம் அன்னையார் அப்பொழுதும் ஒன்றும் கூறவில்லை. ஆயினும் தம் பங்கினின்று பாதியை அதற்கு ஊற்றினார். வகுப்பறையில் அமிலமும் புரதமும் பற்றிப் பயின்று தேர்வெழுதிய எமக்கு அப்பாடம் அடுக்களையிலும் உண்டென்பது அதற்குமுன் தோன்றாமற்போயிற்று. நம் மாணவ நண்பர்கள் விடுமுறையில் இதனைச் செய்து பார்ப்பாராக. ஆனால், முதலில் அப்பால் யாருக்கென வைத்தது என்று வீட்டிற் கேட்டுக்கொள்வாராக.