சாக்கடையில் ஓடும் வெள்ளி!

வெள்ளி எங்கே இருக்கிறது? நகைக் கடையில் இருக்கிறது. குழந்தையின் கொலுசில் இருக்கிறது. பாட்டியின் குங்குமச் சிமிழில் இருக்கிறது.

இன்னும் ஓர் இடத்திலும் இருக்கிறது. வீட்டுக் கூடத்தில் சட்டம் போட்டு மாட்டியிருக்கிறதே, தாத்தாவின் பழைய கருப்பு வெள்ளைப் படம், அதிலும் வெள்ளி இருக்கிறது!

தாத்தாவின் மீசை கறுப்பாகத் தெரிகிறது. அந்தக் கறுப்பு மை அல்ல. கண்ணுக்குத் தெரியாத வெள்ளித் துகள்கள். வெள்ளி கட்டியாக இருந்தால் பளபளக்கும். மிக நுண்ணிய பொடியானால் கறுத்துத் தெரியும். மகாகவி பாரதியார் 1908 முதல் 1918 வரை புதுச்சேரியில் வாழ்ந்தார். அங்கே எடுத்த அவருடைய படங்களும் இப்படி வெள்ளியால் ஆனவையே.

படத்தில் தங்கிய வெள்ளி போகட்டும். தங்காத வெள்ளி எங்கே போயிற்று?

இருட்டறையில் நடப்பது

பிலிமின் மேல் வெள்ளி உப்பு பூசியிருக்கும். ஒளி பட்ட உப்பு, டெவலப்பர் என்னும் மருந்தில் நனைந்ததும் கறுப்பு வெள்ளியாக மாறும். ஒளி படாத உப்பு அப்படியே இருக்கும். அதை அகற்றாவிட்டால் வெளிச்சத்தில் எடுத்ததும் படம் முழுவதும் கறுத்துப் போகும்.

அதை அகற்றும் மருந்துதான் ஹைப்போ. ஸ்டுடியோ வைத்திருந்தவர்களுக்கு இந்தப் பெயர் தண்ணீர் பட்ட பாடு. ஹைப்போ வெள்ளி உப்பைக் கரைக்கும் என்று 1819ஆம் ஆண்டில் கண்டு சொன்னவர் ஜான் ஹெர்ஷல் என்ற இங்கிலாந்து விஞ்ஞானி. இருபது ஆண்டுகள் கழித்து, 1839இல், படம் பிடிக்கும் கலை பிறந்தபோது அது கை கொடுத்தது.

ஹைப்போ உப்பைக் கரைத்தது. படம் நிலைத்தது. கரைந்த வெள்ளி ஹைப்போவிலேயே தங்கிவிட்டது. பல படங்களைக் கழுவிய ஹைப்போவில் லிட்டருக்குச் சில கிராம் வெள்ளி இருக்கும்.

கலர்ப் படத்தின் கதை இன்னும் வேடிக்கை. அதில் கடைசியில் வெள்ளியே மிஞ்சுவதில்லை. சாயம் மட்டும் படத்தில் நிற்கும். வெள்ளி அத்தனையும் கழுவும் மருந்தோடு வெளியே வந்துவிடும். இன்று செல்போனில் எடுத்த படமானாலும், லேபில் கொடுத்து வெள்ளி உப்புத் தாளில் போட்டு வாங்கினால் இதே கதைதான்.

கலங்கிய அந்த மருந்தைப் பார்த்தால் உள்ளே வெள்ளி இருக்கிறது என்று யாருக்கும் தோன்றாது. பழைய நாளில் வாளியை எடுத்து வாசல் சாக்கடையில் கவிழ்த்துவிடுவது சாதாரணம்.

ஆயி வெட்டிய குளம்

புதுச்சேரியில் பாரதி பூங்காவின் நடுவே வெள்ளை வெளேரென்று நிற்கிறது ஆயி மண்டபம். புதுவை அரசின் சின்னமும் அதுவே.

அதற்கு ஒரு கதை சொல்வார்கள். கிருஷ்ணதேவராயர் அந்தப் பக்கம் வந்தார். விளக்குகள் ஜொலிக்கும் ஒரு மாளிகையைக் கோவில் என்று எண்ணிக் கும்பிட்டார். அது ஆயி என்னும் தாசியின் வீடு என்று பிறகு தெரிந்தது. அரசருக்குக் கோபம். இடிக்கச் சொன்னார். ஆயி தானே முன்வந்து வீட்டை இடித்து, அந்த இடத்தில் ஊருக்கு ஒரு குளம் வெட்டினாள். முத்தரையர்பாளையத்தில் இருந்த அந்தக் குளத்திலிருந்து, மூன்றாம் நெப்போலியன் காலத்தில் பிரெஞ்சுக்காரர்கள் பட்டணத்துக்குத் தண்ணீர் கொண்டுவந்தார்களாம்.

தண்ணீர் கொடுத்த ஒரு பெண்ணுக்கு மண்டபம் கட்டி, அதையே அரசின் சின்னமாக வைத்த ஊர் அது!

இன்றும் புதுச்சேரி மக்கள் பெரும்பாலும் நிலத்தடி நீரைத்தான் குடிக்கிறார்கள். பக்கத்திலேயே கடல். அளவுக்கு மேல் உறிஞ்சினால் உப்பு நீர் உள்ளே வரும். மேலிருந்து சாக்கடை இறங்கும். நகரத்தை இரண்டாகப் பிரித்து ஓடும் பெரிய வாய்க்காலோ தன்னிடம் வருவதைக் கடலில் கொண்டு சேர்க்கிறது.

இனி ஒரு சின்னக் கணக்கு. குடிநீரில் லிட்டருக்கு 0.1 மில்லிகிராமுக்கு மேல் வெள்ளி இருக்கக் கூடாது என்கிறது இந்தியத் தர நிர்ணயம். ஒரு லிட்டர் பழைய ஹைப்போவில் 3 கிராம் வெள்ளி இருப்பதாக வைத்துக்கொள்வோம். அந்த ஒரு லிட்டரை இந்த அளவுக்குக் கொண்டுவர எவ்வளவு தண்ணீர் கலக்க வேண்டும்?

30,000 லிட்டர்! 12,000 லிட்டர் பிடிக்கும் லாரி என்றால் இரண்டரை லாரி.

ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். ஹைப்போவோடு பிணைந்திருக்கும் வெள்ளி, தனி வெள்ளியைப் போல் அத்தனை கொடியது அல்ல. அதற்காக அதை ஓடவிடலாம் என்று அர்த்தம் இல்லை. கழிவு நீரைச் சுத்தம் செய்வதே நுண்ணுயிர்கள்தாம். வெள்ளி அவற்றைக் கொல்லும். ஹைப்போ, நீரில் உள்ள பிராண வாயுவைத் தின்றுவிடும். டெவலப்பரில் உள்ள ஹைட்ரோகுவினோன் மீனுக்கு நஞ்சு.

பாத்திரம் தேய்க்கும் கம்பி நார்

வெள்ளியைத் திரும்பப் பிடிக்கும் வழி ஆச்சரியமானது. வேண்டியது இரும்புக் கம்பி நார். பாத்திரம் தேய்ப்பதைப் போன்றதுதான். அதை ஒரு பிளாஸ்டிக் தொட்டியில் நிரப்பி, பழைய ஹைப்போவை மெதுவாக உள்ளே விடுவார்கள். இரும்பு கரைந்து நீரில் போகும். வெள்ளி நீரை விட்டு வெளியே வரும். அடியில் கறுப்புச் சேறாகப் படியும். பார்க்க அருவருப்பாக இருக்கும், உருக்கினால் வெள்ளி!

பெரிய லேப்களில் மின்சாரத்தை வைத்துச் செய்வார்கள். இரண்டு தகடுகளை மருந்தில் நிறுத்தி மின்சாரம் பாய்ச்சினால் ஒன்றின் மேல் வெள்ளி படியும். அதில் தப்பியதைக் கம்பி நார் பிடிக்கும். வெள்ளி போன பிறகும் மருந்து மருந்துதான். அதையும் சுத்திகரித்த பிறகே வெளியே விட வேண்டும்.

வீட்டில் யாரும் இதைச் செய்து பார்க்க வேண்டாம். ஹைப்போவில் அமிலம் பட்டால் மூச்சை அடைக்கும் கந்தக வாயு கிளம்பும்.

சட்டமும் சும்மா இல்லை. தண்ணீரைக் கெடுப்பதைத் தடுக்க 1974இல் ஒரு சட்டம் வந்தது. அபாயக் கழிவுகளுக்கு 1989இல் விதிகள் வந்தன. இப்போது இருப்பவை 2016ஆம் ஆண்டு விதிகள். அபாயக் கழிவைப் பொதுவாக 90 நாட்களுக்கு மேல் கையில் வைத்திருக்கக் கூடாது. பெயர்ச் சீட்டு ஒட்ட வேண்டும். கணக்கு எழுத வேண்டும். அனுமதி பெற்றவர்களிடம் மட்டுமே கொடுக்க வேண்டும். புதுச்சேரியில் இதைக் கவனிப்பது மாசுக் கட்டுப்பாட்டுக் குழுமம்.

ஆஸ்பத்திரிகளுக்கும் இதில் பங்கு உண்டு. எக்ஸ்ரே பிலிமைக் கழுவிய நீரை மற்றச் சாக்கடையோடு கலக்காமல் தனியே சேர்த்துச் சுத்திகரிக்க வேண்டும் என்று 2016இல் வந்த மருத்துவக் கழிவு விதிகள் சொல்லுகின்றன.

கம்பாசிட்டரின் விரல்கள்

புதுச்சேரி அச்சுக்குப் பேர் போன ஊர். பாரதியாரின் ‘இந்தியா’ பத்திரிகை சென்னையை விட்டு வந்து 1908 முதல் 1910 வரை அங்கேதான் வெளிவந்தது.

அந்தக் காலத்து அச்சு எழுத்துகள் ஈயம், வெள்ளீயம், ஆன்டிமணி மூன்றும் கலந்து வார்த்தவை. நாள் முழுவதும் ஈயத்தைப் பொறுக்கிய விரல்களால் அப்படியே சோற்றைப் பிசைந்தால் ஈயம் வயிற்றுக்குள் போகும். ஆகவே கம்பாசிட்டர் சாப்பாட்டுக்கு முன் சோப்புப் போட்டுக் கை கழுவுவது வெறும் சுத்தத்துக்காக அல்ல; உயிருக்காக. போதாக்குறைக்கு, பழைய மஞ்சள் மைகளில் ஈயமும் குரோமியமும் சேர்ந்த நிறப்பொடி இருந்தது.

ஆப்செட் வந்தது. ஈயம் போயிற்று. அலுமினியத் தகடு வந்தது. பழைய தகட்டைக் காயலான் கடைக்காரர் விலை கொடுத்து வாங்கிக்கொள்வார். அது சாக்கடைக்குப் போகாது. தகட்டைக் கழுவும் காரமான மருந்தும், உருளையைத் துடைக்கும் மண்ணெண்ணெயும்தான் போகும். மண்ணெண்ணெய் தண்ணீரின் மேல் படலமாகப் பரவிக் காற்றைத் தடுத்துவிடும்.

மை துடைத்த பனியன் வேஸ்டிடம் எச்சரிக்கையாக இருக்க வேண்டும். ஆளி விதை எண்ணெய் சேர்ந்த மை அதில் ஊறியிருந்தால், குவியலாகப் போட்ட துணி தானே சூடேறித் தானே தீப்பிடிக்கும். தீக்குச்சி வேண்டாம்! மூடி போட்ட தகர டப்பாவில் வைப்பதே சரி.

வித்துவிட்ட முகங்கள்

பழைய பிலிமிலும் வெள்ளி இருக்கிறது என்று சொன்னோம். அது வியாபாரிகளுக்கும் தெரியும். பழைய நெகடிவ்களையும் எக்ஸ்ரேக்களையும் எடை போட்டு வாங்குகிறவர்கள் உண்டு. கொல்லைப்புறத்தில் காரச் சோடா நீரைக் கொதிக்க வைத்து, பிலிமை அதில் போட்டு வெள்ளியைச் சுரண்டுவார்கள். மிஞ்சிய காரநீர் தெருவில் ஓடும். உரியபடி செய்யாவிட்டால், சாக்கடையைக் காப்பாற்ற வேண்டிய தொழிலே சாக்கடையைக் கெடுத்துவிடுகிறது.

போவது காரநீர் மட்டுமா? ஸ்டுடியோவை மூடும்போது ஐம்பது ஆண்டு நெகடிவ்களை மூட்டையாகக் கட்டி விற்றவர்கள் பலர். கல்யாணப் பெண்கள், காது குத்திய குழந்தைகள், ராணுவத்துக்குப் போகும் முன் படம் எடுத்துக்கொண்ட வாலிபர்கள், எல்லோரும் அந்த மூட்டையில் போய்விட்டார்கள்.

புதுச்சேரியில் 1955இல் தொடங்கிய பிரெஞ்சு ஆய்வு நிறுவனத்தில் தென்னாட்டுக் கோவில்கள், சிலைகளின் படங்கள் ஒரு லட்சத்துக்கும் மேல் இருக்கின்றன. அந்த நிறுவனத்தைச் சேர்ந்தவர்கள் பிரிட்டிஷ் நூலகத்தின் உதவியோடு தமிழ்நாட்டுப் பழைய ஸ்டுடியோக்களைத் தேடிப் போய், மிஞ்சிய படங்களைக் கணினியில் பதிந்து வைக்கும் வேலையையும் செய்தார்கள். ஒரு நெகடிவில் இருக்கும் வெள்ளி சில மில்லிகிராம்தான். அதை விற்று ஒரு டீ குடிக்க வேண்டுமானாலும் அடுக்கடுக்காகப் போட வேண்டும்.