பளபளப்பு எங்கிருந்து வருகிறது?

சித்தூரிலும் திருப்பதியிலும் சாலை ஓரமாகப் பல பட்டறைகள் இருக்கின்றன. பீரோ, கட்டில், இரும்புக் கேட் செய்யும் பட்டறைகள் சில. ஆட்டோ, லாரி, டிராக்டர் ஆகியவற்றுக்கு டிங்கரிங் பார்த்து வண்ணம் அடிக்கும் பட்டறைகள் சில. இவற்றில் பலர் ஸ்பிரே கன் பிடித்துப் பிழைக்கிறார்கள்.

ஒரே கடையில் வாங்கிய பெயின்ட். ஒரே ஸ்பிரே கன். இரண்டு பீரோக்களுக்கு இரண்டு பேர் வண்ணம் அடிக்கிறார்கள். ஒரு பீரோ கண்ணாடி போல மின்னுகிறது. பல ஆண்டுகள் ஆனாலும் அப்படியே இருக்கிறது. இன்னொன்று முதல் நாளே சொரசொரப்பாக இருக்கிறது. ஒரே மழைக்காலத்தில் செதில் செதிலாக உரிகிறது. வாங்கியவர் திரும்பி வந்து சண்டை போடுகிறார். மறுபடி அடித்துத் தர வேண்டியிருக்கிறது. பெயின்ட் செலவு, கூலி, பெயர் மூன்றும் போகின்றன.

வித்தியாசம் பெயின்ட்டில் இல்லை. பெயின்ட் அடிப்பதற்கு முன்பு செய்த வேலையில்தான் இருக்கிறது.

தொண்டை மருந்திலிருந்து வந்த கருவி

ஸ்பிரே கன் முதலில் பெயின்ட் அடிக்கப் பிறந்தது அல்ல. அமெரிக்காவில் ஓஹையோ மாநிலத்தில் டொலிடோ என்று ஒரு நகரம் உண்டு. அங்கே டிவில்பிஸ் என்று ஒரு மருத்துவர் இருந்தார். நோயாளிகளின் தொண்டையில் மருந்தைப் பூசுவது அவருக்குக் கஷ்டமாக இருந்தது. 1888-ல் மருந்தைப் புகை போலத் தெளிக்கும் ஒரு சிறு கருவியை அவர் செய்தார். பின்னாளில் அவருடைய மகன் தாமஸ், அதே முறையில் பெயின்ட் தெளிக்கும் கருவியை உருவாக்கினார்.

காற்று வேகமாகப் பாயும்போது பெயின்ட்டை இழுத்து நுண்துளிகளாக உடைக்கிறது. துளிகள் தகட்டில் விழுந்து, ஒன்றோடு ஒன்று கலந்து, சமமாகப் படிகின்றன. பிரஷ் கோடு விழுவதில்லை. 1920-களில் டூகோ என்ற வேகமாகக் காயும் பெயின்ட் வந்தது. அதற்கு முன் ஒரு காருக்கு வண்ணம் அடித்துக் காய வைக்கப் பல வாரங்கள் ஆகும். டூகோ வந்த பிறகு அந்தக் காலம் மிகவும் குறைந்தது. 1949-ல் எட்வர்டு சீமோர் என்ற அமெரிக்கர், பெயின்ட்டையும் வாயுவையும் ஒரே டப்பாவில் அடைத்தார். இன்று கடையில் கிடைக்கும் அழுத்தித் தெளிக்கும் டப்பா அதன் வழி வந்ததுதான்.

முதலில் தகடு

துருவின் மேல் அடித்த பெயின்ட் துருவோடு சேர்ந்து உதிரும். எண்ணெயின் மேல் அடித்த பெயின்ட் ஒட்டாது. ஆகவே முதல் வேலை சுத்தம் செய்வது.

முதலில் எண்ணெய்ப் பிசுக்கைத் தின்னர் தொட்ட துணியால் துடைக்க வேண்டும். அழுக்கான துணியால் துடைத்தால் எண்ணெய் போகாது, பரவத்தான் செய்யும். எனவே துணியை அடிக்கடி மாற்ற வேண்டும். பிறகு கம்பி பிரஷ்ஷாலும் உப்புத்தாளாலும் துருவை எடுக்க வேண்டும்.

உப்புத்தாளின் பின்புறம் ஓர் எண் இருக்கும். எண் சிறியதாக இருந்தால் தாள் முரடு. எண் பெரியதாக இருந்தால் தாள் மென்மை. துரு எடுக்க 80-ஆம் எண் தாள் ஏற்றது. பட்டியைத் தேய்க்க 120, 180. பிரைமரைத் தேய்க்க 320, 400. 80-ஆம் எண் தாளில் தேய்த்துவிட்டு நேராகப் பெயின்ட் அடித்தால் கீறல்கள் அப்படியே மேலே தெரியும். படிப்படியாகத்தான் பெரிய எண்ணுக்குப் போக வேண்டும்.

துரு எடுத்த இரும்பைச் சும்மா விடக் கூடாது. காற்றின் ஈரத்திலேயே மறுபடி துருப் பிடிக்கும். அன்றைக்கே பிரைமர் அடித்துவிட வேண்டும். பிரைமர் காய்ந்த பின் பள்ளங்களைப் பட்டி பார்த்து நிரப்ப வேண்டும். பட்டியை ஒரே தடவையில் கனமாக அப்பினால் மேலே காயும், உள்ளே காயாது. பிறகு வெடிக்கும். மெல்லியதாக இரண்டு, மூன்று தடவை வைப்பதே நல்லது. தேய்த்து முடித்த இடத்தில் மீண்டும் பிரைமர் அடிக்க வேண்டும்.

கண் தவறவிடுவதைக் கை கண்டுபிடிக்கும். உள்ளங்கைக்குக் கீழே மெல்லிய துணியை வைத்துத் தகட்டைத் தடவினால் மேடு பள்ளம் தெரியும். விளக்கைச் சாய்வாகப் பிடித்தாலும் தெரியும். இப்போது தெரியும் சிறு பள்ளம், பெயின்ட் அடித்த பிறகு பெரிதாகத் தெரியும். பெயின்ட் எந்தக் குறையையும் மறைப்பதில்லை. பளபளப்பு ஏற ஏறக் குறை இன்னும் தெளிவாகத் தெரியும்.

திருப்பதியை அடுத்த செட்டிப்பள்ளியில் ரயில் பெட்டிகளைப் பழுது பார்க்கும் ரயில்வே பணிமனை உள்ளது. அங்கே வரும் பெட்டிகளிலும் துருவையும் பழுதையும் நீக்கிய பிறகுதான் வண்ணம் பூசுவார்கள். வண்ணம் அழகுக்கு மட்டும் அல்ல. இரும்பைத் துரு தின்னாமல் காக்கும் தோல் அது.

கலக்கும் கணக்கு

பெயின்ட் கெட்டியாக இருந்தால் துளிகள் பெரிதாக விழும். நீர்த்துப் போனால் வழியும். கண் திட்டத்தில் தின்னர் ஊற்றுவதால் ஒவ்வொரு நாளும் ஒவ்வொரு மாதிரி ஆகிறது.

இதற்கு ஒரு சிறு அளவுக் கிண்ணம் உண்டு. அதன் அடியில் ஓட்டை இருக்கும். விரலால் ஓட்டையை அடைத்துப் பெயின்ட்டை நிரப்ப வேண்டும். விரலை எடுத்ததும் கடிகாரம் பார்க்க வேண்டும். பெயின்ட் ஒழுகி முடிய எத்தனை விநாடி ஆகிறது என்று எண்ண வேண்டும். ஸ்பிரே செய்யும் பெயின்ட் பலவற்றுக்கு இது 20 விநாடியை ஒட்டி இருக்கும்.

இரண்டு டப்பாக்களாக வரும் பெயின்ட்டும் உண்டு. ஒன்றில் பெயின்ட், இன்னொன்றில் ஹார்டனர். டப்பாவில் 4:1 என்று இருந்தால், நான்கு டம்ளர் பெயின்ட்டுக்கு ஒரு டம்ளர் ஹார்டனர் என்று பொருள். இரண்டையும் அளக்க ஒரே அளவுள்ள டம்ளர்கள் வேண்டும். கலந்த பிறகு சில மணி நேரத்தில் அது இறுகிவிடும். அன்றைய வேலைக்கு வேண்டியதை மட்டும் கலக்க வேண்டும். கலந்ததை வடிகட்டிய பிறகே கன்னில் ஊற்ற வேண்டும்.

கை ஓடும் விதம்

பட்டறை ஸ்பிரே கன்னைத் தகட்டிலிருந்து ஏறக்குறைய ஒரு சாண் தூரத்தில் பிடிக்க வேண்டும். கை முழுவதும் தகட்டுக்கு இணையாக நகர வேண்டும். மணிக்கட்டை மட்டும் வீசினால் நடுவில் கனமாகவும் ஓரங்களில் மெல்லியதாகவும் விழும்.

கை நகரத் தொடங்கிய பிறகு விசையை அழுத்த வேண்டும். கை நிற்பதற்கு முன்பே விசையை விட வேண்டும். இல்லாவிட்டால் தொடங்கும் இடத்திலும் முடியும் இடத்திலும் பெயின்ட் குவிந்து வழியும். இரண்டாவது வரிசை முதல் வரிசையின் பாதியை மூட வேண்டும். முதல் கோட்டிங் மெல்லியதாக இருக்கட்டும். அது சற்று இழுபட்ட பிறகு அடுத்த கோட்டிங். ஒரு கனமான கோட்டிங்கை விட மூன்று மெல்லிய கோட்டிங் மேல்.

தினமும் காலையில் கம்ப்ரெசர் தொட்டியின் அடியில் தேங்கிய தண்ணீரைத் திறந்துவிட வேண்டும். அந்தத் தண்ணீர் காற்றோடு வந்தால் பெயின்ட்டில் கொப்புளம் வரும். அடிக்கும் முன் தரையில் தண்ணீர் தெளித்தால் புழுதி எழாது.

வெயிலும் மழையும்

சித்தூர், திருப்பதிப் பக்கம் சித்திரை, வைகாசி வெயில் கடுமையானது. 40 டிகிரிக்கு மேல் போகும் நாட்கள் உண்டு. உச்சி வெயிலில் அடித்தால் துளிகள் தகட்டைத் தொடும் முன்பே பாதி காய்ந்துவிடும். தகடு மாவு தூவினாற் போலச் சொரசொரக்கும். கோடையில் காலை வேளையே ஏற்றது.

ஐப்பசி, கார்த்திகை மழையில் வேறு சிக்கல் வரும். டூகோ அடித்ததும் தின்னர் வேகமாக ஆவியாகும். அப்போது தகடு குளிரும். குளிர்ந்த தகட்டில் காற்றின் ஈரம் படியும். பளபளப்புப் போய் வெண்மை படரும். மழை நாளில் அவசர வேலையை ஒப்புக்கொள்வதை விட, நாள் தள்ளிச் சொல்வது நல்லது.

குறையும் காரணமும்

ஆரஞ்சுப் பழத் தோல் போலப் புள்ளி புள்ளியாக இருக்கிறதா? பெயின்ட் கெட்டி, அல்லது காற்று போதவில்லை.

வழிந்திருக்கிறதா? கன் மிக அருகில் இருந்தது, அல்லது கை மெதுவாக நகர்ந்தது, அல்லது தின்னர் கூடிவிட்டது.

சின்னச் சின்ன வட்டக் குழிகள் விழுகின்றனவா? தகட்டில் எண்ணெய் இருந்தது.

செதிலாக உரிகிறதா? துருவோ, பிசுக்கோ, ஈரமோ அடியில் இருந்தது.

வழிந்த இடத்தை ஈரத்தில் தொடக் கூடாது. முழுவதும் காய விட வேண்டும். பிறகு தண்ணீர் தொட்டு மென்மையான தாளில் தேய்த்து, மீண்டும் அடிக்க வேண்டும்.

மூச்சுக்கு வரும் ஆபத்து

கன்னிலிருந்து வரும் துளிகள் எல்லாம் தகட்டில் விழுவதில்லை. ஒரு பகுதி காற்றில் மிதக்கிறது. அடிப்பவர் அதைத்தான் மூச்சில் இழுக்கிறார். மருத்துவர் செய்த கருவி நோயாளியின் தொண்டைக்கு மருந்தைக் கொண்டு போனது. அதே முறையில்தான் இன்று தின்னர் ஆவியும் பெயின்ட் துளியும் பெயின்டரின் மூச்சுப்பைக்குள் போகின்றன.

தின்னர் ஆவியால் தலைவலி, மயக்கம், குமட்டல் வரும். இரண்டு டப்பா பெயின்ட்டின் ஹார்டனர் இன்னும் மோசமானது. அவற்றில் பலவற்றில் ஐசோசயனேட் என்ற பொருள் இருக்கிறது. அது ஆஸ்துமாவை உண்டாக்கும். ஒருவருக்கு ஒரு தடவை அது ஒவ்வாமல் போய்விட்டால், பிறகு மிகக் கொஞ்சம் பட்டாலும் மூச்சுத் திணறும். கற்ற தொழிலையே விட வேண்டி வரலாம்.

மூக்கில் கைக்குட்டை கட்டினால் போதும் என்று பலர் நினைக்கிறார்கள். கைக்குட்டை ஆவியைத் தடுக்காது. புழுதிக்குப் போடும் சாதாரண மாஸ்க்கும் தடுக்காது. கரி அடைத்த வடிகட்டி உள்ள முகமூடி வேண்டும். அது முகத்தோடு இடைவெளி இல்லாமல் பொருந்த வேண்டும். வடிகட்டியை உரிய காலத்தில் மாற்ற வேண்டும். ஐசோசயனேட் உள்ள பெயின்ட்டுக்கு, வெளியிலிருந்து சுத்தமான காற்றைக் குழாயில் கொண்டு வரும் முகமூடியே சரியான பாதுகாப்பு. அது இல்லாத பட்டறையில் அந்தப் பெயின்ட்டை ஸ்பிரே செய்யாமல் இருப்பதே நல்லது.

வெல்லமோ வாழைப்பழமோ சாப்பிட்டால் எல்லாம் இறங்கிவிடும் என்று சொல்வார்கள். வெல்லம் போவது வயிற்றுக்கு. பெயின்ட் போவது மூச்சுப்பைக்கு. இரண்டும் வேறு வேறு வழி.

வேலை நாட்களில் இருமலும் இளைப்பும் வந்து, விடுமுறை நாளில் குறைகிறதா? அது வேலையால் வரும் நோயாக இருக்கலாம். தள்ளிப்போடாமல் அரசு மருத்துவமனைக்குப் போக வேண்டும். என்ன பெயின்ட், என்ன ஹார்டனர் என்ற பெயரை எழுதி எடுத்துப் போனால் மருத்துவருக்கு உதவியாக இருக்கும்.

தீயும் ஈயமும்

தின்னர் ஆவி காற்றை விடக் கனமானது. தரையோடு தவழ்ந்து போகும். பத்தடி தள்ளி இருக்கும் அடுப்பும் அதைப் பற்ற வைக்கலாம். அடிக்கும் இடத்தில் பீடி, வெல்டிங், அடுப்பு எதுவும் கூடாது. தின்னர் டப்பாவை மூடியே வைக்க வேண்டும். அழுத்தித் தெளிக்கும் டப்பாவை வெயிலில் வைக்கவோ, ஓட்டை போடவோ, குப்பையோடு எரிக்கவோ கூடாது. வெடிக்கும்.

பழைய பெயின்ட்டில் ஈயம் இருக்கலாம். ஈயத் தூள் உடலுக்குள் போனால் குழந்தைகளின் மூளை வளர்ச்சி கெடும். இந்தியாவில் 2016-ல் விதி வந்தது. 2017 நவம்பர் முதல், வீட்டுக்கு அடிக்கும் பெயின்ட்டில் பத்து லட்சம் பங்குக்கு 90 பங்குக்கு மேல் ஈயம் இருக்கக் கூடாது. அதற்கு முன் அடித்த பழைய கேட்டையும் ஜன்னலையும் உலர்வாகத் தேய்க்கக் கூடாது. தண்ணீர் தொட்டுத் தேய்க்க வேண்டும். குழந்தைகள் அருகில் இருக்கக் கூடாது. வேலைச் சட்டையோடு வீட்டுக்குப் போய்க் குழந்தையைத் தூக்கக் கூடாது. கையைத் தின்னரில் கழுவாமல் சோப்பில் கழுவ வேண்டும்.

டப்பாவைப் படியுங்கள்

எத்தனை பங்கு கலப்பது, எவ்வளவு நேரம் காய்வது, எந்த முகமூடி போடுவது, தீப்பிடிக்குமா, ஈயம் எவ்வளவு என்பதெல்லாம் பெரும்பாலும் டப்பாவின் மேலேயே இருக்கும். எழுத்து வேறு மொழியில் இருந்தாலும் எண்களைப் படிக்கலாம். புரியாததைக் கடைக்காரரிடம் படித்துக் காட்டச் சொல்லிக் கேட்கலாம். கேட்டதை ஒரு நோட்டில் எழுதி வைக்கலாம். எந்தப் பெயின்ட், எத்தனை தின்னர், எந்த மாதம், எப்படி வந்தது என்று எழுதிய நோட்டு, ஒரு வருடத்தில் நல்ல ஆசிரியர் ஆகிவிடும்.

பேசிப் பார்க்கச் சில கேள்விகள்

1. உப்புத்தாளில் 80, 400 என்ற இரண்டு எண்களில் எது மென்மையானது?
2. மழைக்காலத்தில் டூகோ ஏன் வெளுக்கிறது?
3. கைக்குட்டை ஏன் பாதுகாப்பு ஆகாது?
4. உங்கள் ஊர்ப் பட்டறையில் தின்னர் டப்பா எங்கே வைக்கப்பட்டிருக்கிறது? அருகில் நெருப்பு உண்டா?