கடைசிப் பந்தி

என் அம்மா நிதானமாக உட்கார்ந்து சாப்பிட்டு நான் பார்த்ததே இல்லை. தாத்தா, அப்பா, சித்தப்பா, பிறகு குழந்தைகள் என்று எல்லோருக்கும் பரிமாறி, அடுப்பைத் துடைத்த பிறகுதான் அம்மாவின் பந்தி. "நீங்கள்ளாம் சாப்பிட்டாலே எனக்கு வயிறு ரொம்பிடும்டி" என்பாள்.

கல்யாணமாகி வந்த வீட்டிலும் அதே வழக்கம்தான். இருபது வருஷம் நானும் அதைப் பெருமையாகவே செய்தேன்.

இரண்டு வருஷத்துக்கு முன் மாடிப்படி ஏறினாலே மூச்சு வாங்கத் தொடங்கியது. ஒருநாள் துணி உலர்த்தும்போது தலை சுற்றி அப்படியே உட்கார்ந்துவிட்டேன். ரத்தம் பரிசோதித்ததில் ஹீமோகுளோபின் 8.4 கிராம். பெண்களுக்குக் குறைந்தது 12 இருக்க வேண்டுமாம்.

"நேத்து மத்தியானம் வீட்ல என்ன சமையல்?" என்று கேட்டார் டாக்டரம்மா.

"முருங்கைக்கீரைப் பொரியல், பருப்பு சாம்பார், ரசம்" என்றேன், நல்ல பெயர் வாங்கும் ஆசையில்.

"நீங்க என்ன சாப்பிட்டீங்க?"

யோசித்துப் பார்த்தேன். ரசம் சாதம், மோர் சாதம், ஊறுகாய். கீரையும் சாம்பாரும் முதல் பந்தியிலேயே தீர்ந்திருந்தன.

"சாதம் வயித்தை ரொப்பும்மா. ரத்தம் ஊற அது போதாது" என்றார் அவர்.

மாதவிடாயில் அதிக ரத்தப்போக்கு, வயிற்றில் பூச்சி என்று வேறு காரணங்களும் உண்டு என்பதால் அவற்றையும் விசாரித்தார். இரும்புச்சத்து மாத்திரை எழுதிக் கொடுத்தார். சாப்பாட்டோடு எலுமிச்சை, நெல்லிக்காய் சேர்த்தால் கீரையில் உள்ள இரும்புச்சத்து உடம்பில் நன்றாகச் சேரும். சாப்பிட்ட கையோடு காபியோ டீயோ குடித்தால் அது தடைபடும், ஒரு மணி நேரமாவது போகட்டும் என்றார். எனக்கோ சாப்பிட்டு முடித்ததும் ஒரு வாய் காபிதான் சொர்க்கம்!

வீட்டுக்கு வந்து சொன்னதும் மாமியார் கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு, "நானும் இப்படித்தாம்மா தின்னேன். வயசாச்சு, அதான் தள்ளாமைன்னு நெனைச்சேன்" என்றார். மறுநாள் அவரே ஐந்து தட்டுகளை வைத்து, பாத்திரங்களை நடுவில் கொண்டு வந்து வைத்தார். "அவங்கவங்க போட்டுக்கட்டும். நீ உக்காரு" என்றார்.

இட்லி, சாப்பாடு எல்லாம் சரியாகிவிட்டது. தோசைதான் தகராறு! சூடாக வேண்டும் என்றால் ஒருத்தர் அடுப்படியில் நின்றுதானே ஆக வேண்டும்? இப்போது கடைசி ஈடு என் கணவருடையது. அவர் வார்க்கும் தோசை வட்டமாக வருவதில்லை. ஆனால் சூடாக வருகிறது.

நாலு மாதத்தில் என் ஹீமோகுளோபின் 11.6 ஆனது. மாத்திரைக்கும் அதில் பங்கு உண்டு, உட்கார்ந்து சாப்பிட்டதற்கும் உண்டு.

2019-21 தேசியக் குடும்ப நல ஆய்வின்படி தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயது வரையிலான பெண்களில் நூற்றுக்கு 53 பேருக்கு ரத்தசோகை. இவர்களில் எத்தனை வீடுகளில் கீரை சமைத்த கைக்கே கீரை கிடைக்காமல் போயிருக்கும்!

விருந்தாளிக்கு முதலில் பரிமாறுவது நம் பண்பாடு. அதை விட வேண்டாம். ஆனால் தினமும் தனக்கு மட்டும் மிச்சம் மீதி என்பது பண்பாடு இல்லை, வெறும் பழக்கம்.

போன வாரம் கீரை கொஞ்சமாகத்தான் இருந்தது. பழைய ஞாபகத்தில் என் பங்கைப் பையன் தட்டில் தள்ளப் போனேன். பன்னிரண்டு வயது மகள் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"அம்மா, அது உன்னோடது."